ஏழாம் வகுப்பில் ஒரு கஜானா

(தில்லியில் நடந்த உறுப்பினர் குடும்பச் சந்திப்பில் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"குழந்தைகளும் பணமும்" என்ற தலைப்பில் அரை மணி நேரம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் பள்ளி ஆசிரியன் அல்ல. 1974ல் ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஒரு டிரங்குப் பெட்டியோடு தில்லி வந்து இறங்கி, கரோல்பாகில் ஒரு மாடி அறையில் மூன்று பேரோடு குடியிருந்து, ஒரு தேசிய வங்கியில் 38 வருஷம் உத்தியோகம் பார்த்துவிட்டு 2012ல் ஓய்வு பெற்றவன். ஊரார் பணத்தை எண்ணிக் கொடுத்தே காலம் கழிந்தது. ஆனால் பணத்தைப் பற்றி நான் உண்மையாகவே ஏதாவது கற்றுக்கொண்டது 71வது வயதில், கிழக்கு தில்லியில் ஒரு பள்ளியின் ஏழாம் வகுப்பில்தான். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

அதற்கு முன் ஒரு கேள்வி. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் தங்கள் பிள்ளையிடமோ பெண்ணிடமோ, அவர்கள் பள்ளியில் படிக்கும்போது, "என் சம்பளம் இவ்வளவு, வீட்டுச் செலவு இவ்வளவு" என்று சொல்லியிருக்கிறீர்கள்? கை தூக்குங்கள் பார்க்கலாம். இரண்டு, மூன்று… சரி, நாலு. நானும் தூக்க மாட்டேன். என் தகப்பனாரும் தூக்கியிருக்க மாட்டார். சம்பளக் கவரை சுவாமி அலமாரியில் வைப்பார்; அம்மா எடுத்துக்கொள்வாள். "எவ்வளவுப்பா?" என்று கேட்டால், "உனக்கெதுக்கு? போய்ப் படி" என்ற பதில் வரும். படித்தால் பணம் வரும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். வந்த பணத்தை என்ன செய்வது என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அதன் பலனை நானே அனுபவித்தேன். 1994ல் சென்னையில் ஒரு நிதி நிறுவனம் ஆண்டுக்கு 24 சதவிகித வட்டி தருவதாகச் சொன்னது. பெயர் வேண்டாம், இப்போது அது இல்லை. நான் வங்கிக்காரன். எங்கள் வங்கி எவ்வளவு வட்டி தருகிறது, கடனுக்கு எவ்வளவு வாங்குகிறது என்பது அத்துப்படி. 24 சதவிகிதம் கொடுக்க வேண்டுமானால் அவன் எதில் எவ்வளவு சம்பாதிக்க வேண்டும் என்று ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டிருந்தால் போதும். போடவில்லை. 80,000 ரூபாய் போட்டேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை காசோலை கரெக்டாக வந்தது. இரண்டு வருஷத்தில் 38,400 ரூபாய் வட்டி. 1996 கடைசியில் காசோலை நின்றது. கம்பெனியும் பூட்டிவிட்டது.

அந்தச் சமயத்தில் தமிழ்நாட்டில் இப்படிப் போன குடும்பங்கள் அநேகம். 1997ல் ரிசர்வ் வங்கிச் சட்டத்தைத் திருத்தி, வங்கியல்லாத நிதி நிறுவனங்கள் கட்டாயம் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று கொண்டு வந்தார்கள். அதே வருஷம் தமிழ்நாடு அரசும் முதலீட்டாளர் நலன் காக்கத் தனிச் சட்டம் இயற்றியது. அதெல்லாம் குதிரை ஓடிப்போன பிறகு போட்ட பூட்டு.

அப்போது என் பெண்ணுக்கு 12 வயசு. பள்ளியில் நைனிடால் டூர் அழைத்துப் போனார்கள். "இந்த வருஷம் வேண்டாம்மா" என்று மட்டும் சொன்னேன். காரணம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. இருபது வருஷம் கழித்து ஏதோ பேச்சில் விஷயம் வெளியே வந்தது. அவள் சொன்னாள்: "அப்பா, என் மேல ஏதோ கோபம்னுதான் டூருக்கு அனுப்பலைன்னு நான் இத்தனை நாளா நெனச்சிண்டிருந்தேன். பணம் போயிடுத்துன்னு சொல்லியிருந்தா நான் அழுதிருக்கவே மாட்டேனே!" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இப்போதைய குழந்தைகள் நிலைமை இன்னும் சிக்கல். நாம் பணத்தைப் பற்றிப் பேசாவிட்டாலும், அது கைமாறுவதையாவது பார்த்தோம். மளிகைக் கடையில் நோட்டைக் கொடுத்தால் மீதிச் சில்லறை வரும். பர்ஸ் காலியானால் தெரியும். 2016ல் யு.பி.ஐ. வந்த பிறகு, கறிகாய் வண்டிக்காரரிடம்கூட கைபேசியைக் காட்டினால் "டிங்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நல்ல வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் பணம் தீரும் என்பதைக் குழந்தை எங்கே பார்க்கும்? தேசிய நிதிக் கல்வி மையம் 2019ல் நடத்திய ஆய்வில், நம் நாட்டில் வயது வந்தவர்களில் 27 சதவிகிதம் பேருக்குத்தான் போதிய நிதியறிவு இருந்தது. அப்படியென்றால் நாலில் மூன்று பெற்றோருக்குச் சொல்லிக் கொடுக்கவே தெரியாது!

பாடப்புத்தகம் இல்லாமல் இல்லை. 2021ல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியமும் தேசிய பணப் பரிவர்த்தனைக் கழகமும் சேர்ந்து ஆறாம் வகுப்புக்கு நிதியறிவுப் புத்தகம் கொண்டு வந்தார்கள். நம்மில் 70களில், 80களில் படித்தவர்களுக்குப் பள்ளியில் 'சஞ்சாயிகா' சேமிப்பு ஞாபகம் இருக்கும். எல்லாம் நல்ல முயற்சிகள். ஆனால் நீச்சலைப் புத்தகத்தில் படித்தால் போதுமா? தண்ணீரில் இறங்க வேண்டாமா?

தில்லியிலேயே அப்படித் தண்ணீரில் இறங்கிய குழந்தைகள் இருக்கிறார்கள். ரீடா பணிக்கர் 1989ல் இங்கே 'பட்டர்ஃப்ளைஸ்' என்ற தொண்டு நிறுவனத்தை ஆரம்பித்தார். தெருவில் வாழும், வேலை செய்யும் குழந்தைகளுக்கானது. குப்பை பொறுக்கியும், டீக்கடையில் எடுபிடி வேலை செய்தும் அந்தக் குழந்தைகள் சம்பாதிப்பார்கள். ராத்திரி தூங்கும்போது யாராவது பிடுங்கிக் கொள்வார்கள். அதனால் அன்றன்றைய காசை அன்றன்றே செலவழித்துவிடுவது வழக்கம். 2001ல் இவர்களுக்காகவே ஒரு வங்கி தொடங்கப்பட்டது. பிறகு அதற்கு 'சில்ட்ரன்ஸ் டெவலப்மென்ட் கஜானா' என்று பெயர். பழைய தில்லியில் ஃபதேபுரி இரவுத் தங்குமிடத்தில் நடந்த கிளையைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அதில் விசேஷம் என்னவென்றால், மேனேஜர் ஒரு குழந்தை. குழந்தைகளே அவரைத் தேர்ந்தெடுப்பார்கள். கணக்குப் புத்தகம் எழுதுவதும் குழந்தை. கடன் கொடுக்கலாமா வேண்டாமா என்று கூடிப் பேசி முடிவு செய்வதும் குழந்தைகள். தில்லியில் ஆரம்பித்தது நேபாளம், வங்கதேசம், இலங்கை என்று பரவியது. பம்பாயில் 1991ல் ஜெரூ பில்லிமோரியா அம்மையார் ஆரம்பித்த வேலையும் இதே வழியில் வளர்ந்து, 2005ல் ஆம்ஸ்டர்டாமைத் தலைமையிடமாகக் கொண்ட 'அஃப்லாதூன்' என்ற உலக அமைப்பானது.

அதற்கும் முன்னால், 1967ல் அமெரிக்காவில், நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஜார்ஜ் ரிச்மண்ட் என்ற இளம் ஆசிரியர், பாடத்தில் மனம் செல்லாத தம் மாணவர்களுக்கு வகுப்பிலேயே செல்லுபடியாகும் விளையாட்டுப் பணம் கொடுத்து, வகுப்பையே ஒரு சின்ன ஊராக்கிப் பார்த்தார். இதையெல்லாம் படித்துவிட்டு, எனக்குத் தெரிந்த ஒரு கணக்கு டீச்சரிடம் போய், "நாமும் செய்து பார்க்கலாமா?" என்று கேட்டேன். அவர் பள்ளி முதல்வரிடம் அனுமதி வாங்கினார். 2023 ஜூலையில், கோடை விடுமுறை முடிந்ததும் ஆரம்பித்தோம்.

வகுப்பில் 36 பேர். முதல் காரியம், பணத்துக்குப் பெயர். குழந்தைகள் ஓட்டுப் போட்டு 'மோர்' என்று வைத்தார்கள். ஹிந்தியில் மோர் என்றால் மயில். நம் தேசியப் பறவை. எனக்கோ, "சார், எனக்கு இருபது மோர் பாக்கி" என்று யாராவது சொல்லும்போதெல்லாம் தாகம் எடுக்கும்! வண்ணக் காகிதத்தில் நோட்டு அச்சடித்து, டீச்சர் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார்.

விதிகள் சுலபம். ஒவ்வொருவருக்கும் ஓர் உத்தியோகம். கரும்பலகை துடைப்பவர், வருகைப் பதிவு எடுப்பவர், நூலகர், வங்கிக் காசாளர், தணிக்கையாளர் என்று. வாரச் சம்பளம் 100 மோர். அதில் 10 வரி. உட்காரும் இடத்துக்கு வாடகை 40. மீதி 50 கையில். அதை வங்கியில் போட்டால் வாரத்துக்கு 2 சதவிகிதம் வட்டி. 500 சேர்த்தால் இடத்தையே சொந்தமாக வாங்கலாம். பிறகு வாடகை இல்லை. வேண்டுமானால் இன்னொருவருக்கு விற்கலாம். வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியட் சந்தை. புக்மார்க், காகிதப் பூ, வீட்டில் செய்த நம்கீன், கணக்கு சொல்லிக் கொடுப்பது, எதையும் விற்கலாம். நான் வெள்ளிக்கிழமை தோறும் போய்விடுவேன்.

முதல் மாதம் எல்லாரும் நம்கீன் தின்றே தீர்த்தார்கள். வாடகை கொடுக்க முடியாமல் ஏழு பேர் கையைப் பிசைந்தார்கள். அடுத்த மாதம் நேர் எதிர். இடம் வாங்கும் ஆசையில் எல்லாரும் கஞ்சர்களாகிவிட்டார்கள். சந்தையில் ஈ ஓடியது. புக்மார்க் செய்த பையன் அழாக்குறையாக வந்து, "எல்லாரும் சேமிச்சா எங்கிட்ட யார் சார் வாங்குவா?" என்றான். 1970களில் வாஷிங்டனில் சில தம்பதிகள் ஒருவர் குழந்தையை ஒருவர் பார்த்துக்கொள்ளக் கூப்பன் வைத்து ஒரு சங்கம் நடத்தினார்கள். எல்லாரும் கூப்பனைச் சேர்த்து வைக்க ஆரம்பித்ததும், யாரும் வெளியே போகவில்லை. அதனால் யாருக்கும் கூப்பன் சம்பாதிக்க வழியும் இல்லை. சங்கம் ஸ்தம்பித்தது. 1977ல் ஸ்வீனி தம்பதியர் இதை ஒரு பொருளாதாரக் கட்டுரையாகவே எழுதினார்கள். அந்தப் பையன் அதைப் படிக்காமலே கண்டுபிடித்துவிட்டான்.

மருந்தாக, தீபாவளிக்கு முன் ஆளுக்கு 200 மோர் போனஸ் கொடுத்தோம். அடுத்த சந்தையில் 10 மோர் புக்மார்க் 25 ஆகிவிட்டது! ஏன் என்று கேட்டேன். பின் பெஞ்சிலிருந்து பதில் வந்தது: "நீங்க நோட்டு அடிச்சீங்க சார், நாங்க புக்மார்க் அடிக்கலையே!" பணவீக்கத்துக்கு இதைவிட நல்ல விளக்கம் நான் கேட்டதில்லை. இன்னொன்று கேளுங்கள். ஜூலை புழுக்கத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள இடத்துக்கு ஒரே போட்டி. செப்டம்பரில் அது 800 மோருக்குக் கைமாறியது. டிசம்பர் குளிரில் 300க்குக்கூட ஆள் இல்லை. வாங்கிய பையன் ஸ்வெட்டருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

செப்டம்பரில் ஒரு பையனுக்கு டெங்கு. இரண்டு வாரம் வரவில்லை. "வேலை இல்லை என்றால் சம்பளம் இல்லை" என்பது நான் போட்ட விதி. அவன் மெலிந்துபோய்த் திரும்பி வந்தபோது 80 மோர் வாடகை பாக்கி. வகுப்பே என் மேல் பாய்ந்தது. "அவன் என்ன வேணும்னா சார் ஜுரத்துல படுத்தான்?" நான், "அப்படியானால் பணம் எங்கேயிருந்து வரும், நீங்களே சொல்லுங்கள்" என்றேன். அரை மணி நேரம் சண்டை. கடைசியில், ஆளுக்கு வாரம் 5 மோர் ஒரு தனி டப்பாவில் போடுவது, உடம்பு சரியில்லாதவருக்கு அதிலிருந்து வாரம் 60 கொடுப்பது என்று தீர்மானம் ஆயிற்று. இன்ஷூரன்ஸ் என்ற வார்த்தையே அந்த அறையில் யாரும் உச்சரிக்கவில்லை.

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வருகிறேன். அந்த நவம்பரில் காற்று மாசு காரணமாகத் தில்லிப் பள்ளிகளை மூடிவிட்டார்கள். மறுபடி திறந்தபோது, போனஸ் பணம் எல்லார் கையிலும் சும்மா கிடந்தது. ஒரு கெட்டிக்காரப் பையன் அறிவித்தான்: "என்னிடம் 50 கொடு. அடுத்த வெள்ளிக்கிழமை 100 தருகிறேன்." டீச்சர் தடுக்கப் போனார். நான்தான், "இருங்கள், பார்க்கலாம்" என்றேன். அது சரியா தவறா என்று இன்றும் யோசிக்கிறேன்.

முதல் வாரம் நாலு பேர் கொடுத்தார்கள். 200 மோர். இரண்டாம் வாரம் ஒன்பது பேர், 450. அதிலிருந்து முதல் நாலு பேருக்கு 400 கொடுத்துவிட்டான். சொன்ன வாக்கைக் காப்பாற்றினான் என்று ஒரே பேர்! மூன்றாம் வாரம் 14 பேர், 700. ஒன்பது பேருக்கு 900 பட்டுவாடா. கையில் மீதி 50. கொடுக்க வேண்டியது 1,400. அதைப் பற்றி அவனுக்குக் கவலையே இல்லை. அவன் ஒரு மோரைக்கூடத் தனக்கென்று எடுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எப்போதும் ஆள் வந்துகொண்டே இருப்பார்கள் என்று நிஜமாகவே நம்பினான். 1920ல் பாஸ்டனில் சார்லஸ் போன்சி 45 நாளில் 50 சதவிகிதம் என்று சொல்லி ஊரையே ஏமாற்றியபோதும் இதே கணக்குத்தான்.

அப்போது ஒரு பெண் எழுந்தாள். கல்வி உரிமைச் சட்டப்படி ஏழைக் குழந்தைகளுக்கு ஒதுக்கும் 25 சதவிகித இடத்தில் நர்சரியிலேயே சேர்ந்தவள். அம்மா நாலு வீட்டில் வேலை செய்பவர். அதுவரை வகுப்பில் அதிகம் வாய் திறக்காத குழந்தை. நேராகக் கரும்பலகைக்குப் போனாள். சாக்பீஸை எடுத்து எழுதினாள்: "கொடுக்க வேண்டியது 1,400. இருப்பது 50. அடுத்த வாரம் 27 புது ஆள் வேண்டும். அதற்கு அடுத்த வாரம் 54 ஆள் வேண்டும்." பிறகு திரும்பி, "நாம மொத்தமே 36 பேர்தானே, பையா?" என்றாள். அறையில் சத்தமே இல்லை.

"உனக்கு எப்படியம்மா தெரிந்தது?" என்று பிறகு கேட்டேன். அவர்கள் குடியிருப்பில் மாதாமாதம் பெண்கள் 'கமிட்டி' போடுவார்கள். நம் ஊர் சீட்டு மாதிரி. ஒழுங்காக நடந்த கமிட்டியும் உண்டு, நடத்தியவர் ஓடிப்போன கமிட்டியும் உண்டு. "ஒவ்வொரு தடவையும் அம்மா என்னை உட்கார வைச்சு, யார் எவ்வளவு போட்டா, யார் எடுத்தான்னு எண்ணச் சொல்வா. அம்மாவுக்கு எழுதத் தெரியாது" என்றாள். எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மா செய்ததை, வங்கி அதிகாரியான நான் என் பெண்ணுக்குச் செய்யவில்லை.

நாலாவது வாரம் புது ஆள் ஒருவர்கூட வரவில்லை. 14 பேருடைய 700 மோர் போய்விட்டது. ஒரு தாயார் டீச்சருக்குப் போன் செய்து, "பள்ளிக்கூடத்தில் சூதாட்டமா கற்றுக் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பணத்தை நாங்கள் ஈடு செய்யவில்லை. அதற்குப் பதிலாக, தணிக்கையாளர்களாக இருந்த இரண்டு குழந்தைகளிடம், "அந்த 700 எங்கே போயிற்று, கண்டுபிடியுங்கள்" என்றோம். அவர்கள் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தார்கள். முதல் நாலு பேருக்கு லாபம் 200. ஒன்பது பேருக்கு லாபம் 450. பையன் கையில் 50. கூட்டினால் 700. சரியாக 700!

அந்தத் தாளைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றேன். சொன்னால் நம்புவீர்களோ மாட்டீர்களோ, எனக்குக் கை நடுங்கியது.

அது எனக்கு வகுப்புக் கணக்காகத் தெரியவில்லை. 27 வருஷமாக நான் ஏமாந்தவன் என்று என்னை நானே சொல்லிக்கொண்டிருந்தேன். என் 80,000 போயிற்று என்று புலம்பினேன். ஆனால் இரண்டு வருஷம் வாங்கிய 38,400 ரூபாய் வட்டி யாருடைய பணம்? அந்தக் கம்பெனி எதில் சம்பாதித்துக் கொடுத்தது? எனக்குப் பின்னால் வந்து போட்டவர்களின் அசல்தானே! அப்படிப் பின்னால் வந்தவர்களில் ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். கரோல்பாகில் எங்கள் கீழ்வீட்டு மாமி. கணவர் காலமாகி, கையில் கிடைத்த பணத்தில் 25,000 ரூபாயை 1996 நடுவில் அங்கே போட்டார். ஏன் போட்டார்? "நீ பாங்க்ல இருக்கறவன். உனக்கே ஒழுங்கா வட்டி வரதுன்னா பயமில்லையேடா" என்றார். நான் தலையாட்டினேன். ஒரே ஒரு தடவை 1,500 ரூபாய் வட்டி வந்தது அவருக்கு. பிறகு நான் மாடிப்படி இறங்கும்போதெல்லாம் அவர் வழக்கம்போல, "காபி சாப்பிடறியா?" என்றுதான் கேட்பார். ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை. 2004ல் போய்விட்டார்.

வகுப்பில் என்ன ஆயிற்று என்று சொல்லிவிடுகிறேன். லாபம் எடுத்த 13 பேரும் திருப்பித் தர வேண்டுமா என்று பெரிய விவாதம். "நான் திருடலையே, அவன்தானே கொடுத்தான்" என்றார்கள் சிலர். "ஆனா அது இவன் பணம்" என்று பக்கத்தில் இருப்பவனைக் காட்டினார்கள் சிலர். நாங்கள் கட்டாயப்படுத்தவில்லை. ஒன்பது பேர் திருப்பிக் கொடுத்தார்கள். நாலு பேர் கொடுக்கவில்லை. திட்டம் போட்ட பையன் கையிலிருந்த 50ஐக் கொடுத்ததோடு, பாக்கிக்கு வாரம் 10 மோர் தன் சம்பளத்திலிருந்து பிடித்துக்கொள்ளச் சொன்னான். யாரும் கேட்காமல் தானாகவே சொன்னான். அந்தப் பெண்ணை வகுப்பு ஏகமனதாக வங்கி மேனேஜராகத் தேர்ந்தெடுத்தது. எனக்குத் தெரிந்த சில மேனேஜர்களைவிட நன்றாகவே நடத்தினாள்!

நான் வீட்டுக்கு வந்து மாமியின் பிள்ளைக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொல்லி, அந்தப் பணத்தில் என் பங்கைத் தரலாமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "விடுங்கோ அண்ணா. அம்மாவே அதைப் பத்திப் பேசினதில்லை" என்றான். அதற்குமேல் வற்புறுத்தவில்லை. ஆனால் மனசு விட்டதா என்றால், இல்லை. அதனால்தான் இதை உங்கள் முன்னால் சொல்கிறேன்.

இந்த முயற்சியில் குறைகளே இல்லை என்று சொல்ல வரவில்லை. விளையாட்டுப் பணம் விளையாட்டுப் பணம்தான். எதற்கெடுத்தாலும் "எத்தனை மோர் தருவே?" என்று கேட்கும் பழக்கம் சில குழந்தைகளுக்கு வந்தது. நண்பனுக்குப் பென்சில் கொடுப்பதற்கும் விலை சொன்னார்கள். "உதவிக்கு விலை இல்லை" என்று டீச்சர் தனி விதியே போட வேண்டியிருந்தது. பெரியவர் ஒருவர் கூடவே இருந்து, தவறு நடந்த பிறகு உட்கார்ந்து பேசாவிட்டால் இது வெறும் கடை விளையாட்டாகப் போய்விடும். ஆனாலும் 50 காகித மோர் போன வலியை 12 வயதில் அனுபவித்த குழந்தை, 42 வயதில் வாழ்நாள் சேமிப்பைத் தூக்கிக் கொடுக்குமுன் ஒரு நிமிஷம் நின்று, "இந்தப் பணம் எங்கேயிருந்து வருகிறது?" என்று கேட்கும். நான் கேட்காத கேள்வி அது.

பல ஊர்களிலிருந்து வந்திருக்கிறீர்கள். எல்லாராலும் பள்ளிக்குப் போய் இதை நடத்த முடியாது. வீட்டில் செய்யக்கூடியதை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

மாதம் ஒரு நாள் வீட்டு வரவு செலவைக் குழந்தையோடு உட்கார்ந்து எழுதுங்கள். சம்பளத்தைச் சொல்லத் தயக்கமாக இருந்தால், மின்சாரம், பால், பள்ளிக் கட்டணம் மூன்றை மட்டுமாவது எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது, 10 வயதுக்கு மேற்பட்ட குழந்தைகள் தாங்களே சேமிப்புக் கணக்கைத் தொடங்கி நடத்த ரிசர்வ் வங்கி 2014லேயே அனுமதித்திருக்கிறது. 2025 ஏப்ரலில் அந்த விதிகளைத் திருத்தி மறுபடி வெளியிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு வங்கிக்கும் அதற்கென்று வரம்பு உண்டு, கிளையில் கேளுங்கள். மூன்றாவது, கைச்செலவுக்குக் கொடுத்த பணத்தை முதல் வாரமே தீர்த்துவிட்டால் மேற்கொண்டு கொடுக்காதீர்கள். சின்னத் தவறை இப்போது செய்யட்டும். நாலாவது, உங்கள் வாழ்க்கையில் பணத்தில் செய்த ஒரு தவறைக் குழந்தையிடம் சொல்லுங்கள். கௌரவம் போகாது.

என் பேரனுக்குப் 11 வயசு. போன விடுமுறையில் வந்தபோது அந்தத் தணிக்கைத் தாளின் நகலை அவன் முன்னால் வைத்து, 1996 கதை முழுவதையும் சொன்னேன். மாமி கதையையும் விடவில்லை. என் பெண் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பேரன் யோசித்துவிட்டு, "தாத்தா, அப்போ அம்மா நைனிடாலே போகலையா?" என்று கேட்டான். "இல்லடா" என்றேன். "சரி, இந்த லீவுல எல்லாருமாப் போகலாம். எவ்வளவு ஆகும்னு நான் கணக்குப் போடறேன்" என்று பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.